பழைய வீட்டுக்குப் புதுக் கதவு: தாம்பரம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குரோம்பேட்டை, சேலையூர், மேற்குத் தாம்பரம், பெருங்களத்தூர் பக்கமெல்லாம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மனை வாங்கி, பி.எஃப். கடன் போட்டுக் கட்டிய தனி வீடுகள் இன்னும் ஏராளமாக நிற்கின்றன. தளம் உறுதியாக இருக்கும், சுவரும் உறுதியாக இருக்கும். கதவு மட்டும் தரையை உரசும், இல்லையென்றால் தாழ்ப்பாள் ஓட்டைக்கு நேராக வராது. "எல்லாக் கதவையும் மாத்திடலாம்" என்று வீட்டில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறிவிடும். வேலை தேடி வரும் ஆசாரி வேண்டாம் என்றா சொல்லப் போகிறார்?

என் கட்சி வேறு. பழைய வீட்டில் மாற்ற வேண்டியது பெரும்பாலும் கதவுதான், நிலை அல்ல. நிலையில் கை வைத்தால் சுவர்ப் பூச்சு, டைல்ஸ், பெயிண்ட் என்று வேலை வீடு முழுக்கப் பரவும். கதவுக்கு ஆகும் செலவைவிட அதற்கு ஆகும் செலவு கூடிவிடும். ஆகவே வாங்குவதற்கு முன், எதையெல்லாம் மாற்றாமல் விடலாம் என்று பார்ப்போம்.

முதல் படி: திருப்புளியோடு ஒரு சுற்று

ஒரு பழைய திருப்புளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிலையின் அடிப்பாகத்திலும் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை அழுத்திக் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் 'டக்' என்று சத்தம் வரும், முனை இறங்காது. கெட்ட மரத்தில் பெயிண்ட் தோலைக் கிழித்துக்கொண்டு அரை அங்குலம் உள்ளே போய்விடும். பெயிண்டின் மேல் பெயிண்டாக அடித்த குளியலறை நிலைகளில் வெளியே பளபளப்பும் உள்ளே வெறும் மண்ணுமாக இருப்பது சர்வசாதாரணம்.

கரையானையும் உளுவையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குண்டூசித் தலையளவு துளைகளும் கீழே மாவாகக் கொட்டிய தூளும் இருந்தால் அது உளு வண்டு. மரத்தின் பட்டையை ஒட்டிய வெள்ளைக் கட்டையைத்தான் அது விரும்பும். அந்தக் கதவை எடுத்துவிட்டால் தொல்லை பெரும்பாலும் தீரும். கரையான் தரையிலிருந்து மண் குழாய் கட்டிக்கொண்டு ஏறும். அதன் வீடு மண்ணுக்குள் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புதுக் கதவு மாட்டுவது வீண் செலவு. முதலில் சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு மருந்து செலுத்த வேண்டும். கட்டி முடித்த வீடுகளுக்கான இந்த முறை ஐஎஸ் 6313 தர விதியின் மூன்றாம் பாகத்தில் இருக்கிறது. வருகிறவர் இமிடாகுளோபிரிட் அடிக்கிறாரா, குளோர்பைரிபாஸ் அடிக்கிறாரா, எந்த விகிதத்தில் கலக்கிறார் என்று கேளுங்கள். துளை போடாமல் மேலாக ஸ்பிரே அடித்துவிட்டுப் போகிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்து, உரசும் கதவின் கைப்பிடிப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் கோளாறு கீலில். ஸ்குரூ பிடித்திருந்த ஓட்டை அகன்று போயிருக்கும். அந்த ஓட்டையில் தேக்குக் குச்சியை ஃபெவிகால் தடவி அடித்து, ஓர் இரவு காயவிட்டு, சற்று நீளமான புது ஸ்குரூ போட்டால் போதும். மாற்ற நினைத்த பல கதவுகள் இதிலேயே சரியாகிவிடும்.

நிலையின் மேல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் ஓடுகிறதா? பழைய ஏரிகளை ஒட்டிய களிமண் மனைகளில் மண் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்குவதால் இப்படி வரும். விரல் நகம் நுழையும் அளவுக்கு விரிசல் இருந்தால் ஆசாரியைக் கூப்பிடும் முன் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அது கதவுப் பிரச்சினையே அல்ல.

இரண்டாம் படி: தரையை முதலில் முடியுங்கள்

நம் பக்கத்து வீடுகளுக்கே உரிய சங்கடம் இது. சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, தெரு உயர்ந்தது. வீடு பள்ளத்தில் இறங்கியது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு 2021-இல் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். அதற்குள் பல தெருக்களில் வீட்டு வாசற்படி சாலைக்குக் கீழே போய்விட்டது. தண்ணீருக்குப் பயந்து வீட்டுக்காரர்கள் உள்ளே மண் கொட்டித் தரையை உயர்த்தினார்கள். வசதி உள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினார்கள்.

தரை உயரும்போதெல்லாம் அடி வாங்குவது கதவு. பழைய மொசைக் தரைமேல் சிமெண்ட் கலவை போட்டு டைல்ஸ் ஒட்டினால் இரண்டு அங்குலம் வரை போய்விடும். பசை போட்டு நேராக ஒட்டினால் முக்கால் அங்குலத்துக்குள் அடங்கும். "கீழ ரெண்டு இன்ச்சு எடுத்துட்டா சரியாப் போயிடும் சார்" என்று சொல்லி அறுத்துவிடுவார்கள். சட்டமும் பலகையும் சேர்ந்த பழைய தேக்குக் கதவின் அடிச்சட்டம் அகலமாக இருப்பதால் ஒருமுறை தாங்கும். பிளஷ் கதவு தாங்காது. அதன் அடியில் இருக்கும் மரச்சட்டம் அறுபட்டுப் போனால் உள்ளே அடுக்கிய கட்டைகள் வெளியே தெரியும். தரை துடைக்கும் ஈரம் ஏறி, ஒரே வருடத்தில் அடி உப்பிக்கொள்ளும்.

ஆகவே டைல்ஸ் மாற்றும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டுக் கதவுக்கு அளவெடுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் முடிக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கும் மேஸ்திரியை நம்ப வேண்டாம். தரை உயர்ந்து வாசல் ஆறடிக்கும் கீழே வந்துவிட்டதா? அங்கே கதவை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஏழடி மட்டத்தில் மேல் சுவரைத் தாங்கி ஓடும் லிண்டலைத் தாண்டி நிலையை ஏற்ற முடியாது. அது வீட்டையே திருத்தும் வேலை. அதற்குத் தனியாகத் திட்டம் போடுங்கள்.

மூன்றாம் படி: ஏழு அளவுகள்

பழைய வீட்டில் எந்த வாசலும் நேராக இருக்காது என்ற எண்ணத்தோடு டேப்பைப் பிடியுங்கள். ஒரு வாசலுக்கு ஏழு அளவுகள் வேண்டும்: அகலம் மேலே, நடுவில், கீழே, உயரம் இடப்பக்கம், வலப்பக்கம், மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு. கதவு சாத்தும்போது உட்காரும் வெட்டை ஆசாரிகள் ரிபேட் என்பார்கள். அகலத்தை அந்த ரிபேட்டுக்குள்ளிருந்து எடுக்க வேண்டும். நிலையின் வெளி முகத்தில் எடுத்தால் கதவு தப்பாக வரும். ரிபேட்டின் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 30 மி.மீ. கதவுக்காக வெட்டிய நிலையில் 35 மி.மீ. கதவு வைத்தால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

ஆசாரியோடு பேசும்போது நூல் கணக்கு தெரிந்திருந்தால் நல்லது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல், ஏறக்குறைய 3 மி.மீ. ஓர் அறையின் வாசல் மேலே 35 அங்குலம் 6 நூல், நடுவில் 35 அங்குலம் 4 நூல், கீழே 35 அங்குலம் 7 நூல் என்று வைத்துக்கொள்வோம். பி.வி.சி., டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது), ஸ்டீல் கதவு என்றால் மிகச் சிறிய அளவை எடுத்து, பக்கத்துக்கு ஒரு நூல் கழித்து, 35 அங்குலம் 2 நூல் என்று ஆர்டர் கொடுங்கள். மரமோ பிளஷ் கதவோ என்றால் பெரிய அளவுக்கு வாங்கி, மாட்டும் இடத்தில் இழைத்துப் பொருத்தலாம். பிளஷ் கதவிலும் ஓரச் சட்டத்தின் அகலத்துக்கு மேல் இழைக்கக் கூடாது.

குறுக்களவு இரண்டுக்கும் இடையே அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நிலை சாய்ந்திருக்கிறது என்று பொருள். எந்தப் பக்கக் கால் சாய்ந்திருக்கிறது என்பதைத் தூக்குக்குண்டு காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக ஒரு குறிப்பு: அறைக்குள் தள்ளித் திறக்கும்போது கீல் உங்கள் இடக்கைப் பக்கமா, வலக்கைப் பக்கமா என்று ஒவ்வொரு வாசலுக்கும் எழுதிவையுங்கள். பூட்டு வாங்கும்போது இதைத்தான் கேட்பார்கள்.

நான்காம் படி: எந்த வாசலுக்கு எந்தக் கதவு

படுக்கையறைக்குப் பிளஷ் கதவு போதும். ஐஎஸ் 2202 என்று ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள். கதவைத் தூக்கிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான்: மூன்றுக்கு ஏழடி, 30 மி.மீ. கனம், உள்ளே முழுக்கக் கட்டை என்றால் சுமார் 35 கிலோ இருக்கும். ஒரே ஆள் அலட்சியமாகத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் உள்ளே வெற்றிடம் என்று அர்த்தம்.

குளியலறைக்கு மரம் வேண்டாம், பிளஷ் கதவும் வேண்டாம். பி.வி.சி. மலிவு, ஆனால் உள்ளே கூடாக இருப்பதால் கீல் சீக்கிரம் பிய்த்துக்கொள்ளும். டபிள்யூ.பி.சி. கனம் அதிகம், தண்ணீருக்கு அசையாது. நான்கு கீல் போட வேண்டும். நிலையும் உளுத்திருந்தால் கல் நிலையோ சிமெண்ட் நிலையோ வையுங்கள்.

வீட்டில் ஒரே ஒரு நிலையை உடைக்கத்தான் பணம் இருக்கிறது என்றால், அது குளியலறை நிலையாக இருக்கட்டும். அன்றைக்கு இரண்டடி, இரண்டேகால் அடி என்று வைத்த வாசலில் வாக்கர் பிடித்து நடப்பவர் நுழையவே சிரமப்படுவார். சக்கர நாற்காலி நுழையவே நுழையாது. இந்த வீடுகளைக் கட்டியவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இரண்டே முக்கால் அடி கிடைத்தால் நல்லது, மூன்றடி கிடைத்தால் மிக நல்லது. கதவு வெளிப்புறம் திறக்கட்டும். உள்ளே யாராவது வழுக்கி விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்ளே தள்ளித் திறக்க முடியாது. வெளியிலிருந்தும் நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய தாழ் கடைகளில் கிடைக்கிறது.

தண்ணீர் புகும் பகுதிகளுக்குக் கணக்கு வேறு. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளங்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அங்கே தண்ணீர் நின்றது. இப்படி ஊறினால் மட்டமான பிளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். திடமான தேக்குக் கதவை நிழலில் காயவைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். இந்தப் பகுதிகளில் தரைத்தளத்துக்கு டபிள்யூ.பி.சி. அல்லது பழைய தேக்குதான் என் சிபாரிசு. பிளஷ் கதவே வைத்தாக வேண்டும் என்றால், பின்னை உருவிக் கழற்றும் கீல் போடுங்கள். மழை எச்சரிக்கை வந்ததும் இரண்டு பேராகக் கதவைக் கழற்றி மாடியில் சாத்திவைத்துவிடலாம்.

தலைவாசலுக்குத் தேக்கா, வேப்பமரமா, ஸ்டீலா என்பது உங்கள் பணப்பையைப் பொறுத்தது. கொசுவலைக் கதவும் வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் ரிபேட் உள்ள நிலையில்தான் இரண்டாவது கதவு ஒழுங்காக உட்காரும்.

ஐந்தாம் படி: மரக்கடையில்

மரம் கன அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். மூன்றரைக்கு ஏழடித் தலைவாசல், ஐந்துக்கு மூன்று அங்குல மரம் என்றால், இரண்டு கால்களும் மேல் சட்டமும் சேர்த்து 17.5 அடி. 5 × 3 × 17.5 ÷ 144, அதாவது சுமார் 1.82 கன அடி. கீழே வாசற்படிச் சட்டமும் உண்டென்றால் இன்னொரு மூன்றரை அடி கூடி 2.19 கன அடி ஆகும். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போனால் பில் போடும்போது ஏமாற மாட்டீர்கள். ஐந்துக்கு மூன்று என்பது அறுத்த அளவு. இழைத்த பிறகு கால் அங்குலம் குறையும். அது ஏமாற்றல்ல, வழக்கம்.

"ஒரிஜினல் பர்மா தேக்கு" என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மரமாகத் தேக்கை ஏற்றுமதி செய்வதைத் தடை செய்துவிட்டது. இன்று கடைகளில் நிற்கும் தேக்கில் பெரும்பகுதி ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தோட்டங்களில் வளர்ந்தது. அதில் குற்றமில்லை, இளமரமாக வெட்டியதால் வெள்ளைக் கட்டை அதிகம் என்பதுதான் குறை. பட்டையை ஒட்டிய அந்த வெளிறிய பகுதியைக் கரையானும் உளுவும் தின்னும். நடுவில் இருக்கும் சேகு தாங்கும். ஒவ்வொரு சட்டத்தின் நான்கு முகத்தையும் புரட்டிப் பார்த்துப் பொறுக்குங்கள். காலாக நிற்கப்போகும் சட்டத்தில் வெள்ளை இருந்தால் ஒதுக்குங்கள்.

இதனால்தான் பழைய கதவை அவசரப்பட்டுத் தள்ளிவிட வேண்டாம் என்கிறேன். உங்கள் வீட்டில் பெயிண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் மரம், இன்று பணம் கொடுத்தாலும் கிடைக்காத தரமாக இருக்கக்கூடும். ஒரு மூலையில் பெயிண்டைச் சுரண்டி மரத்தின் ரேகையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பழைய மரக்கதவு வாங்கியே மாட்டவும் வழி உண்டு. செட்டிநாட்டு வீடுகளின் கதவுகள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கிடைக்கும். நம் பக்கம் வீடு இடிப்பவர்களிடம் சொல்லிவைத்தால் வரும். பழைய பித்தளைக் கொண்டி, கைப்பிடி, கனமான இரும்புக் கீல் வேண்டுமானால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் காலையிலேயே போய்த் தேடுங்கள்.

ஆறாம் படி: நிலையை எடுத்தே ஆக வேண்டுமென்றால்

முதல் கேள்வி, மேலே லிண்டல் இருக்கிறதா? எழுபதுகளுக்குப் பிந்திய கான்கிரீட் தள வீடுகளில் இருக்கும். நாட்டு ஓட்டு வீட்டிலும் மெட்ராஸ் டெரஸ் வீட்டிலும் நிலையின் மேல் சட்டமே செங்கலைத் தாங்கிக்கொண்டு நிற்கலாம். பூச்சைச் சற்றுத் தட்டிப் பார்த்து உறுதி செய்யாமல், முட்டுக் கொடுக்காமல், நிலையை அசைக்க விடாதீர்கள்.

நிலையின் கால்களைச் சுவருக்குள் பிடித்திருப்பவை இரும்புப் பட்டைகள், ஹோல்ட்பாஸ்ட் என்பார்கள். சுத்தியால் நிலையை ஆட்டிப் பிடுங்கினால் சுவர் பெயர்ந்து வரும். காலை நடுவில் ரம்பத்தால் அறுத்து, துண்டு துண்டாக எடுத்து, பட்டைகளைக் கட்டரால் வெட்டுவதே முறை. புது நிலையில் பக்கத்துக்கு மூன்று பட்டைகள் வேண்டும். சுவரைத் தொடும் முகம் முழுக்கத் தார் பூச வேண்டும். கலவை இறுகும் வரை கால்கள் உள்வளையாமல் இருக்க நடுவில் குறுக்குக் கட்டை கொடுப்பார்கள். குறைந்தது ஒரு வாரம் கழித்தே கதவு மாட்டுங்கள்.

தலைவாசல் நிலை என்றால் வீட்டுப் பெரியவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பார்கள். நவதானியமும் காசும் மஞ்சள் குங்குமமும் வரும். தேதியை ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முகூர்த்த நாளில் நல்ல ஆசாரி கிடைப்பது கஷ்டம்.

ஏழாம் படி: மாட்டுதல்

கீல் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். அறைக் கதவுக்கு நான்கு அங்குலத்தில் மூன்று, தலைவாசலுக்கு ஐந்து அங்குலத்தில் நான்கு. மேல் கீல் உச்சியிலிருந்து ஏழெட்டு அங்குலம் கீழே, அடிக் கீல் தரையிலிருந்து பத்தங்குலம் மேலே. பழைய நிலையில் பழைய கீல் பள்ளங்கள் இருந்தால், புதுக் கதவில் அதே உயரத்தில் பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். நிலையைப் புதிதாகக் குதற வேண்டியதில்லை.

பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஸ்குரூவைச் சுத்தியால் அடித்து இறக்கிவிட்டு, கடைசி இரண்டு திருகு மட்டும் திருப்புளியால் கொடுக்கும் பழக்கம் பல ஆசாரிகளிடம் உண்டு. அப்படி அடித்த ஸ்குரூ ஆணி மாதிரிதான் நிற்கும். இரண்டு வருடத்தில் கதவு தொங்கும். சின்ன டிரில்லால் வழித்துளை போட்டு, முழுக்கத் திருகியே இறக்க வேண்டும் என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். டீயோடு சொன்னால் இன்னும் நல்லது.

மேலும் பக்கங்களிலும் ஒரு நூல் இடைவெளி, அடியில் இரண்டு நூல். இரண்டு பத்து ரூபாய் நாணயங்களைச் சேர்த்துப் பிடித்தால் மூன்றரை மி.மீ. வரும். அது எல்லாப் பக்கமும் தட்டாமல் ஓடினால் வேலை சுத்தம். பிறகு கதவைப் பாதி திறந்து விட்டுவிடுங்கள். தானாகச் சாத்திக்கொண்டாலும் திறந்துகொண்டாலும் கீல்கள் செங்குத்தான நேர்கோட்டில் இல்லை. ஆசாரி சாமான்களை மூட்டை கட்டும் முன் இதைப் பாருங்கள்.

எட்டாம் படி: ஆறு முகமும் பூச்சு

கதவுக்கு ஆறு முகம். கண்ணுக்குத் தெரியும் இரண்டுக்கும் பாலிஷ் போட்டுவிட்டு, உச்சியையும் அடியையும் பச்சையாக விட்டுவிடுவார்கள். ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான். கதவை மாட்டிப் பார்த்து, கழற்றி, அடி விளிம்புக்கும் பூட்டுக்காக வெட்டிய குழிக்கும் இரண்டு கை பிரைமர் அடித்துவிட்டுத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். சலித்துக்கொள்வார்கள், விடாதீர்கள்.

முதல் மழைக்காலம் வரும்போது

கோடையில் கச்சிதமாக மாட்டிய மரக்கதவு ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் இறுகும். மரம் நீளவாட்டில் அநேகமாக அசையாது, அகலவாட்டில் ஊதும். அந்த ஈரத்தில் ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்புளி போடச் சொன்னால், பங்குனியில் அதே இடத்தில் விரல் நுழையும் சந்து விழும். உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்து அந்த இரண்டு மாதத்தைத் தள்ளுங்கள். தை பிறந்து மரம் காய்ந்த பிறகும் இறுகினால், அப்போது இழைக்கச் சொல்லுங்கள். இழைத்த ஓரத்தில் அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.